கோகோ விலை விழும்போது யார் தாங்குவது?

வடசென்னை மாதவரம் பால் பண்ணைக்கு வந்து சேரும் ஒவ்வொரு டேங்கருக்கும் பின்னால் ஊர் ஊராய்ப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. இரண்டே மாடு வைத்திருப்பவரும் காலையும் மாலையும் பாலை ஊற்றுகிறார். கொழுப்புச் சத்து பார்த்துக் கணக்கில் ஏற்றுகிறார்கள். விலை போதவில்லை, பணம் தாமதமாகிறது என்ற குறைகள் உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. ஆனாலும் நாளை இந்தப் பாலை வாங்க ஆள் இருக்குமா என்ற பயம் பெரும்பாலும் அவருக்கு இல்லை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே கோகோ வைத்திருக்கும் விவசாயிக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. சாக்லேட்டுக்குப் பாலும் வேண்டும், கோகோவும் வேண்டும். பாலுக்கு நாம் கட்டிய ஏற்பாட்டைக் கோகோவுக்கும் கட்ட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

25 அடி இடைவெளியில் நட்ட தென்னந்தோப்பில் பெரும்பகுதி நிலம் சும்மாவே கிடக்கிறது. தென்னை வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் அடங்கிவிடும். மீதமுள்ள இடத்தில், பாதி நிழலில் சுகமாக வளரும் மரம் கோகோ. ஏக்கருக்குச் சுமார் 200 கன்று வைக்கலாம். அது உதிர்க்கும் இலை மண்ணை மூடி ஈரத்தைக் காக்கிறது. கோகோப் பூ அடிமரத்திலும் கிளையிலும் ஒட்டியபடி பூக்கும், நகத்தளவுதான் இருக்கும். அதற்கு மகரந்தம் சேர்ப்பவை தேனீக்கள் அல்ல. கண்ணுக்கு எளிதில் படாத சின்ன ஈக்கள். அவை பெருகுவது மட்கும் இலையிலும் ஈரமான காய்த்தோட்டிலும். தோப்பைச் சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிவிட்டால் காய்ப்பிடிப்பு குறைந்துவிடும். காட்டின் ஒழுங்கு கொஞ்சமாவது இருந்தால்தான் இந்த மரம் பலன் தரும்.

அந்த ஒழுங்கைக் கலைத்ததன் விலையை மேற்கு ஆப்பிரிக்கா கொடுத்துக்கொண்டிருக்கிறது. உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டே நாடுகளில் விளைகிறது. காட்டை வெட்டி, வெட்டவெளியில் கோகோ நட்ட பகுதிகளில் மண் களைத்தது. கூடவே மரங்கள் மூப்படைந்தன, நச்சுயிரி நோய் பரவியது, மழையும் தவறியது. விளைச்சல் குறைய, 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. 2025 முடிவதற்குள் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது.

ஏறும்போது கன்று வாங்க ஓடுவதும், இறங்கும்போது மரத்தை வெட்டுவதும் நமக்குப் புதிதல்ல. கேட்பரி நிறுவனம் 1965இல் வயநாட்டில் கோகோவைத் தொடங்கிவைத்தது. எழுபதுகளில் கேரளத் தோப்புகளில் அது பரவியது. எண்பதுகளின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அப்போது பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான கேம்ப்கோ கொள்முதலில் இறங்கியது; 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே தொடங்கியது. விலை விழுந்த நாளில் வாங்க ஒருவர் இருந்தது அந்த வட்டாரத்துக் கோகோவுக்குப் பெரிய ஆதரவானது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு கை இன்னும் நீளவில்லை. கன்றுக்கு மானியம் கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. ஈரப் பருப்பைக் குவித்து, ஐந்தாறு நாள் நொதிக்கவைத்து, இடையிடையே கிளறிவிட்டு, பிறகு வெயிலில் காயவைத்தால்தான் சாக்லேட்டின் மணம் பிறக்கும். கொஞ்சமாகக் குவித்தால் சூடே ஏறாது. அரை ஏக்கர்க்காரர் தனியாக இதைச் செய்ய முடியாது. ஒன்றியத்துக்கு ஒரு பொது நொதிப்புக் கூடமும், அதை நடத்த விவசாயிகளின் சங்கமும் வேண்டும். அதற்கு இடமும் முதலும் அரசு தர வேண்டும். நிறுவனங்கள் குறைந்தபட்ச விலையை எழுதிக்கொடுத்துப் பல ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டும். இந்தியா தான் விளைவிப்பதைவிட அதிகக் கோகோவை இறக்குமதி செய்கிறது. ஆகவே சந்தை இல்லை என்ற சாக்கு எடுபடாது.

விவசாயிக்கும் பங்கு உண்டு. பழுக்காத காயை எடைக்காகக் கலப்பது பக்கத்துத் தோப்புக்காரரின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கும். கவாத்தும், அணில், எலித் தொல்லைக்குக் காவலும் விடாத வேலைகள். தண்ணீர் பற்றாத தோப்பில் கோகோ வைக்கவே கூடாது. அங்கே தென்னையும் சேர்ந்து வாடும். 2016இல் பொள்ளாச்சியில் வந்திறங்கிய சுருள் வெள்ளை ஈயும், வேர்வாடல் நோயும் தென்னையை மட்டும் நம்புவதன் ஆபத்தைக் காட்டிவிட்டன. ஆனால் ஊடுபயிர் என்பது பதற்றத்தில் நடுவதாக இருக்கக் கூடாது.

வடசென்னைக்காரர்களான நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தோட்டக்கலைத் துறை இதே மாதவரத்திலும் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஆனைமலைத் தோப்புகளில் சில வாரம் தங்கி நொதிப்பும் கவாத்தும் கற்றுவர வழிசெய்யலாம். கடையில் நிற்கும் நாம் சாக்லேட் உறையைத் திருப்பிப் பார்க்கலாம். மலிவான பலவற்றில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்த ஒரு வரி நம் தோப்புக்காரரின் வருமானத்தைத் தொடுகிறது.

அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கையில் கோகோ கொள்முதலுக்கும் நொதிப்புக் கூடங்களுக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்க வேண்டும். விலை கீழே இருக்கும் இப்போதே அதைச் செய்ய வேண்டும். மரங்கள் வெட்டப்பட்ட பிறகு ஒதுக்குவதில் பயனில்லை. புதுக் கன்று ஒழுங்காகக் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.