மௌனப் படத்திற்கு மொழியெல்லை உண்டா? 'மார்த்தாண்டவர்மா'வும் தமிழாய்வின் பாராமுகமும்

தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் 'கீசகவத'த்தைக் குறிப்பிட்டுவிட்டு, 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்திற்குத் தாவிவிடுகின்றனர். சு. தியடோர் பாஸ்கரன் போன்ற சிலரின் ஆய்வுகள் நீங்கலாக, இடைப்பட்ட மௌனப் படக் காலம் வெறும் பெயர்ப் பட்டியலாகவே எஞ்சுகிறது. படச்சுருள்கள் அழிந்துவிட்டன என்பது இதற்குக் கூறப்படும் காரணம். அது பெரிதும் உண்மையே. எனினும், அழியாது கிடைக்கும் ஒரு படத்தையும் தமிழாய்வு ஏறெடுத்துப் பாராதது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

அப்படம் 'மார்த்தாண்டவர்மா' (1933). சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட மலையாள வரலாற்று நாவலை அடியொற்றி, பி.வி. ராவ் இயக்கினார்; ஆர். சுந்தர்ராஜ் தயாரித்தார். திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டதும், நாவலின் உரிமை பெற்றிருந்த கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது, படச்சுருள் கைப்பற்றப்பட்டது. முடக்கமே பாதுகாப்பாயிற்று. 1974இல் அச்சுருள் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது.

மூத்த மன்னரும் இருவேறு கதைகளும்

வேணாட்டு மன்னர் இராமவர்மர் நோயுற்றுத் தளர்ந்திருக்கிறார். மருமக்கள் தாய முறைப்படி அரியணை மார்த்தாண்டவர்மருக்கு உரியது. மன்னரின் மக்களாகிய தம்பிமார், எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் துணையோடு அதைக் கவர முயல்கின்றனர். 1729இல் மார்த்தாண்டவர்மர் அரசேறியதற்கு முன்னிகழ்ந்த இப்போராட்டமே நாவலுக்கும் படத்திற்கும் பொருள். இரண்டிலும் தம்பிமார் தீயோர்.

தென்திருவிதாங்கூரின் தமிழ் வில்லுப்பாட்டோ நேர்மாறானது. 'தம்பிமார் கதை'யில் அவர்களே வீரர்கள்; வஞ்சிக்கப்பட்டுக் கொலையுண்டவர்கள். அரண்மனை பகைவராகக் கண்டவர்களைப் பாடலும் வழிபாடும் தெய்வங்களாக்கின. நாவலையும் படத்தையும் இப்பாடலோடு ஒருங்குவைத்து ஆராயத்தக்கவர், வில்லுப்பாட்டை அறிந்த தமிழறிஞரே அல்லரோ?

பிற நாட்டார் இத்தகைய படங்களை எளிதாகக் கடந்து செல்லவில்லை. ஜெர்மனியில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கைப் பற்றிப் பல படங்கள் தோன்றின. அவற்றுள் கெர்ஹார்ட் லாம்ப்ரெக்ட் இயக்கிய 'முதிய ஃபிரிட்ஸ்' (1928) அம்மன்னரின் முதுமையைக் காட்டும் மௌனப் படம். முடியாட்சி வீழ்ந்த குடியரசில் மன்னர் ஏன் மீண்டும் திரையேறினார் என்று சீக்ஃப்ரீட் கிராக்கவர் 1947இலேயே வினவினார். நம் படத்தின் தொடக்கத்தில், அன்று ஆட்சியிலிருந்த சித்திரைத் திருநாள் மன்னரின் ஊர்வலக் காட்சி இடம்பெறுகிறது. வாழும் மன்னரை முன்னோரின் வெற்றிக் கதையோடு பிணைக்கும் இவ்வமைப்பு நம்மிடம் அத்தகைய வினாவை எழுப்பவில்லை.

மறுப்புகளும் விடைகளும்

படத்தின் எழுத்துப் பலகைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் உள்ளன. ஆகவே இது தமிழாய்வின் பொருளன்று என்பர். பலகையின் மொழி படத்தின் மொழியாகுமெனில், ஆங்கிலப் பலகையை முன்னிட்டு இதனை ஆங்கிலப் படமென்றும் கொள்ளவேண்டும். நடிகர் பேசாத கலைக்குப் பேச்சுமொழியால் வேலியிடுதல் பொருந்தாது. இப்படம் மலையாளத்தாருடையது அன்று என்பது நம் வாதமன்று; அவர்களுக்கு மட்டுமே உரியது அன்று என்பதே வாதம். கதை நிகழும் பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டில் உள்ளது. சுந்தர்ராஜின் உறவினரும், மலையாளத் திரையுலகின் தந்தை எனப் போற்றப்படுபவருமான ஜே.சி. டேனியல் பிறந்ததும் 1975இல் மறைந்ததும் அகஸ்தீசுவரத்தில். மார்த்தாண்டவர்மரின் படைத்தலைவர் டி லனாயின் உதயகிரிக் கல்லறையில் இலத்தீனுடன் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.

திரைப்படம் இலக்கியத் துறைக்குப் புறம்பானது என்பது மற்றொரு மறுப்பு. நாவலையும் வில்லுப்பாட்டையும் ஏற்கும் துறை, அவ்விரண்டோடும் கதையால் பிணைந்த படத்தை மட்டும் விலக்குவதற்கு அறிவார்ந்த அடிப்படை யாதும் இல்லை.

எல்லைத் தமிழரின் கடமை

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. கோடு நிலத்தைப் பிரித்தது. அதனையே ஆய்வுக்கும் எல்லையாக்கியது நம் சோம்பல். நாவலை மலையாளத்திலும் பாடலைத் தமிழிலும் பயிலவல்ல இருமொழிப் புலமை இடுக்கியிலும் பாலக்காட்டிலும் வாழும் தமிழ் மாணவர்க்கு இயல்பாக வாய்த்துள்ளது. அம்மாணவரிடம் இப்பணியை ஒப்படைக்கத் தமிழ்த் துறைகள் முன்வரவேண்டும். நாவல், படம், பாடல் ஆகிய மூன்றையும் ஒருசேர ஆயும் முனைவர் பட்டத் தலைப்புகள் வகுக்கப்பெறவேண்டும். காப்பகத்துப் படிக்குத் தமிழ் விளக்கக் குறிப்பு உருவாதல் வேண்டும். கைக்கு எட்டும் சான்றைப் பாராதிருப்போர், அழிந்த படங்களுக்காக இரங்குதல் பொருளற்றது.