டர்பைன் பங்கும் சின்ன வெங்காயமும்

நம் ஊர் ஓய்வூதியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சில மாதங்களாக ஒரே பேச்சு, கேஸ் டர்பைன். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்களுக்கு மின்சாரம் போதவில்லையாம். டர்பைன் கேட்டு உலகமே வரிசையில் நிற்கிறதாம். ஆகவே அதற்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் கம்பெனிகளின் பங்கை வாங்கினால் நஷ்டமே வராதாம். கிராஜுவிட்டியையும் கம்யூடேஷன் பணத்தையும் இதில் போடச் சொல்கிறார்கள். இந்த யோசனையை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

அவர்கள் சொல்வதில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். ஜி.இ. வெர்னோவா, சீமென்ஸ் எனர்ஜி, மிட்சுபிஷி ஆகிய மூன்று கம்பெனிகளிடமும் பல வருடத்துக்கு ஆர்டர் குவிந்திருப்பது நிஜம். பாகங்கள் செய்வதும் லேசான வேலை இல்லை. டர்பைனின் முதல் வரிசை பிளேடில் வந்து மோதும் வாயுவின் சூடு, அந்த பிளேடின் உலோகமே உருகிவிடும் அளவைத் தாண்டும். அதனால் நிக்கல் கலப்பு உலோகத்தில் வார்த்து, உள்ளே காற்று ஓடிக் குளிர்விக்க நுண்ணிய துளைகள் வைத்து, மேலே பீங்கான் பூச்சும் பூசுகிறார்கள். ஹைதராபாத்தின் ஆசாத் இன்ஜினியரிங் டர்பைன் பிளேடுகளை இந்த மூன்று பேருக்கும் செய்து கொடுக்கிறது. 2023 டிசம்பரில் 524 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதற்கு முன்பே சச்சின் டெண்டுல்கர் அதில் முதலீடு செய்திருந்தார். நம்மவர்களுக்கு அந்தப் பெயர் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

நல்ல தொழில் என்பது வேறு, நல்ல விலை என்பது வேறு. ஒரு பங்குக்கு ஆண்டு லாபம் 1 ரூபாய், பங்கின் விலை 100 ரூபாய் என்று வையுங்கள். லாபம் இப்படியே இருந்தால் போட்ட பணம் திரும்ப நூறு வருடம் ஆகும். லாபம் பல மடங்கு பெருகும் என்று நம்பித்தான் அந்த விலையைக் கொடுக்கிறோம். பெருகாவிட்டால்?

"இந்த முறை அப்படி நடக்காது" என்பார்கள். 1999-லும் இன்டர்நெட்டுக்கு மின்சாரம் போதாது என்று அமெரிக்காவில் வாதம் செய்தார்கள். டர்பைன்களை முண்டியடித்து வாங்கினார்கள். 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. தொடர்ந்து ஆர்டர்கள் ரத்தாயின. ஜி.இ. பங்கு 2000-ல் தொட்ட உச்சத்தை அடுத்த இருபது வருடம் திரும்பப் பார்க்கவில்லை. அதற்கு டர்பைன் மட்டுமே காரணம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017 கடைசியில் மறுபடி சரிவு. ஜி.இ.யின் மின்பிரிவில் 12,000 வேலை, சீமென்ஸில் 6,900 வேலை போகும் என்று அறிவித்தார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த நாட்டுச் செய்திகளைப் படிக்கும் வழக்கம் இன்னும் விடவில்லை. அங்கே பெல்ஃபோர் என்ற ஊர் டர்பைனாலேயே வாழ்ந்த ஊர். ஆல்ஸ்தோம் கம்பெனி, ஏ.பி.பி.யிடமிருந்து வாங்கிய பெரிய டர்பைன்களில் பழுது வந்து, 2003-ல் திவாலின் விளிம்புக்குப் போனது. அரசாங்கம்தான் காப்பாற்றியது. 2015-ல் அதன் மின்பிரிவு ஜி.இ. கைக்குப் போனது. 2019-ல் பிரான்ஸில் சுமார் ஆயிரம் வேலைகளைக் குறைக்கப் போவதாக ஜி.இ. அறிவித்தது. அடி விழுந்தது பெரும்பாலும் பெல்ஃபோருக்கு.

பிரான்ஸ் வரை போவானேன்? திருச்சிக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். துவாக்குடியில் பெல் ஆலையை நம்பி எத்தனை பட்டறைகள் எழும்பின! அனல் மின் ஆர்டர்கள் வற்றியதும் பல பட்டறைகள் கடனில் மூழ்கின. ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்து அங்கே போன நம் மாவட்டத்துப் பையன்கள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள். அவர்கள் செய்தது பாய்லர் பாகம். ஆனால் ஓரிரு பெரிய வாடிக்கையாளரை நம்பியிருப்பவனின் கதி எந்தப் பாகம் செய்தாலும் ஒன்றுதான். பெரிய கம்பெனிக்குச் சளி பிடித்தால் பட்டறைக்காரனுக்கு ஜன்னி.

செட்டிகுளம் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். சின்ன வெங்காயம் விலை ஏறிய வருடம் எல்லோரும் அதையே நடுவார்கள். அறுவடைக்கு வரும்போது அதே வெங்காயம் கேட்பாரற்றுக் கிடக்கும். டர்பைன்காரர்களும் இப்போது உற்பத்தியை விரிவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். வெங்காயத்துக்குச் சில மாதத்தில் விடை தெரிந்துவிடும். இங்கே தெரிய ஏழெட்டு வருடம் ஆகும். எழுபது வயதுக்காரனுக்கு அந்த ஏழெட்டு வருடம் சின்ன விஷயமா?

பணியில் இருந்த நாளில் 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் நம்மை ஊக வணிகத்தில் இறங்கவிடாமல் தடுத்தன. ஓய்வு பெற்றதும் விதி போய்விட்டது. அதன் நியாயம் போகவில்லை.

பேரன் பேத்திகளுக்கென்று ஒதுக்கிய, பத்து வருடம் தொடவே வேண்டாத பணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மருத்துவச் செலவுக்கு வைத்த பணத்தைத் தொடாதீர்கள். குழுவில் சிபாரிசு செய்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அந்தக் கம்பெனியின் விற்பனையில் எத்தனை பங்கு முதல் மூன்று வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது? இன்றைய விலை எத்தனை வருட லாபத்துக்குச் சமம்? நீங்கள் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் முதல் இரண்டைக் கேட்கவே வேண்டாம்.