மலிவு என்னும் மாயை

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற மலிவான லேப்டாப் என்று கடைக்காரர்கள் ஒரு சாமானை எடுத்துக் காட்டுகிறார்கள். அது பிள்ளைகளுக்கு ஏற்றதும் அல்ல, மலிவும் அல்ல என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் நான் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு மாலை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில், ஸ்ரீரங்கத்துக்குப் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மாலை ஆறு மணிக்குச் சத்திரத்தில் நிற்பது எப்படிப்பட்ட அநுபவம் என்பது நின்றவர்களுக்குத் தெரியும். கல்லூரிப் பிள்ளைகள், சின்னக்கடைத் தெருவில் சாமான் வாங்கிய மாமிகள், மலைக்கோட்டைப் பிள்ளையாரைத் தரிசித்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே படியில் ஒரே சமயத்தில் ஏறப் பார்ப்பார்கள். அந்த நெரிசலில் ஒருவர் மட்டும், வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு, ஓர் அட்டைப் பெட்டியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்.

"என்ன, கையிலே இவ்வளவு பத்திரமா?" என்று கேட்டேன்.

"லேப்டாப் சார். பொண்ணுக்கு. ஏழாவது போறா. வீட்டிலே ஒண்ணு இருந்தாகணும்னு ஸ்கூல்ல சொல்லிட்டா. பதினாறாயிரத்துச் சொச்சம். ஸ்டூடன்ட் மாடலாம் சார்."

"பரவாயில்லையே!"

"அவ ரெண்டு வருஷமாக் கட்டின சீட்டு சார். வளையலை மீட்கலாம்னு இருந்தா. முதல்லே குழந்தை படிக்கட்டும்னுட்டா."

தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் அவரை அதே பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அதே அட்டைப் பெட்டி. ஆனால் இந்தத் தடவை ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து இறங்கினார். பெட்டியையும் அணைத்துக்கொள்ளவில்லை; ஒரு கையால் இடுக்கிக்கொண்டிருந்தார்.

"கடைக்குக் கொண்டு போறேன் சார். நிதானம் ஜாஸ்தியா இருக்கு. பொண்ணு சொல்றா: 'அப்பா, ஒரு எழுத்தைத் தட்டிட்டு, உள்ளே போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தா, அந்த எழுத்து வந்திருக்கு'ங்கறா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் வெட்கப்பட்டு, நானும் அவரோடு கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பையன் கெட்டிக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன். பெட்டியைப் பார்த்ததுமே, "ராம் நாலுதான் சார் இருக்கு. கூட்ட முடியாது. போர்டோட சேர்த்துப் பற்ற வெச்சிருக்கு" என்றான். ஸ்ரீரங்கத்துக்காரர்களான எங்களுக்குத் தெரிந்த ராமன் ஒருவன்தான். அவனுக்குக் குலதெய்வம் எங்கள் ரங்கநாதர். நாலு ராமன், எட்டு ராமன் என்ற கணக்கை அன்றைக்குத்தான் படித்தேன்.

விஷயம் கஷ்டமானதல்ல. ராம் என்பது எழுதுகிறவனுடைய மேஜை. சேமிப்பு என்பது பீரோ. மேஜை பலகை அளவு சிறியதானால், ஒரு புத்தகத்தை விரிக்க இன்னொன்றை எடுத்துப் பீரோவில் வைக்க வேண்டும். அந்தப் பீரோவும் மெதுவாகத் திறக்கும் பீரோவானால், மனிதன் எழுதுகிற நேரத்தைவிடத் திறந்து மூடுகிற நேரம் அதிகமாகிவிடும். இந்த 'ஸ்டூடன்ட் மாடல்'களில் பல 4 ஜி.பி. மேஜையும், 64 ஜி.பி. பீரோவும் கொண்டவை. அந்தப் பீரோவும் எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான ஜாதி அல்ல, இ.எம்.எம்.சி. என்று, மலிவான போன்களில் வைக்கிற சில்லு. விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தபட்சத் தேவை என்று மைக்ரோசாப்ட் கம்பெனியே சொல்லும் அளவு எது தெரியுமா? இதே 4 ஜி.பி., இதே 64 ஜி.பி.! குறைந்தபட்சம் என்றால், ரெயில் பெட்டியில் ஒற்றைக் காலை ஊன்ற இடம் கிடைப்பது போல. ஏறிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மதுரை வரையில் போய்ச் சேருவது வேறு விஷயம். வாங்கிய அன்றைக்கே நிரம்பி வழிகிற பீரோவில், மூன்றாம் மாதம் ஓர் 'அப்டேட்' வந்து உட்கார இடம் கேட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

"திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டதற்குக் கடை முதலாளி பாதி விலைக்கும் கீழே ஒரு தொகை சொன்னார். நண்பர் அட்டைப் பெட்டியை மறுபடியும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

அதே கடையின் மறுபக்கத்து அலமாரியில், பெரிய கம்பெனிகளில் மூன்று நான்கு வருஷம் உழைத்துவிட்டு வந்த லேப்டாப்புகள் இருந்தன. கறுப்பாக, கனமாக, கல்யாணமாகாத பெரியப்பா மாதிரி இருந்தன. 8 ஜி.பி. ராம்; வேண்டுமானால் பின்மூடியைக் கழற்றிக் கூட்டலாம். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பாட்டரி தேய்ந்தால் மாற்றலாம். விலை இருபதாயிரத்துக்குச் சற்று மேலே கீழே. "இதை ஏன் அன்றைக்கு எனக்குக் காட்டலை?" என்று நண்பர் கேட்டார். "நீங்க புதுசு கேட்டீங்க சார்" என்றான் பையன். அவன் சொன்னது உண்மை.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். விலை குறைவு வேறு, கட்டுபடியாவது வேறு. பதினாறாயிரம் ரூபாய்ச் சாமான் இரண்டு வருஷம் முனகிக்கொண்டு கிடந்தால், வருஷத்துக்கு எட்டாயிரம். இருபதாயிரம் ரூபாய்ச் சாமான் ஐந்து வருஷம் உழைத்தால், வருஷத்துக்கு நாலாயிரம். புடவைக் கடையில் முந்தானையை விரித்து, சாயம் போகுமா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கிற நம் குடும்பங்கள், இந்தப் பெட்டி விஷயத்தில் மட்டும் ஏன் மேலே ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டு ஏமாறுகின்றன? தெரியாத சாமான் என்ற பயம். பயப்படுகிறவனுக்கு 'புதுசு' என்ற ஒரு சொல்தான் தைரியம் கொடுக்கிறது.

பழசு வாங்குவதிலும் அபாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான இயந்திரங்களை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே தலைமுறை கேட்காமல் வாங்கக் கூடாது. கீல் தளர்ந்திருக்கிறதா, பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது, ஆறு மாதமாவது உத்தரவாதம் எழுதிக் கொடுப்பார்களா என்று பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகளில் பாதியைக் கேட்டால் போதும்.

"ஏன், போன் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது என்பதை ஒரு கொடிய காலம் நமக்குக் காட்டிவிட்டது. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. போனிலும் பாடம் வந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் அப்பாவுக்குமாக ஒரே போன் இருந்த வீடுகள் எத்தனை! அந்தப் போனில் குழந்தை பார்த்தது, கேட்டது. எழுதியதா? போன் வாங்கிக்கொள்வதற்கு ஏற்ற கருவி, கொடுப்பதற்கு ஏற்றதல்ல. ஒரு குழந்தை பத்து வரி யோசித்து எழுதி, நடுவிலே ஒரு வரியை அடித்து, மேலே இருப்பதைக் கீழே மாற்றி, தன் மனத்தைத் தானே திருத்திக்கொள்வதற்கு விசைப் பலகை வேண்டும். வாழ்நாள் முழுவதும் எழுதிப் பிழைத்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். வீட்டுக்கு லேப்டாப் வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இது ஒன்றுதான்.

ஆனால் பெட்டி வந்துவிட்டால் படிப்பு வந்துவிடும் என்பது வெறும் மூடநம்பிக்கை. தென் அமெரிக்காவில் பெரு என்ற தேசம். 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்ற இயக்கத்தை நம்பி அந்தத் தேசம் ஏழைப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தது. 319 கிராமப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் முடிவு வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் பெட்டி மட்டும் என்ன செய்யும்? நம் தேசத்திலும் 2011-இல் 'ஆகாஷ்' என்று உலகத்திலேயே மலிவான பலகைக் கணினி ஒன்றைத் தாரை தப்பட்டையோடு வெளியிட்டார்கள். அது இன்றைக்கு எந்த மாணவன் கையில் இருக்கிறது? மலிவு ஒன்றையே லட்சணமாகக் கொண்டு பிறந்தது, மலிவாகவே மறைந்தது.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வார்த்தை. ஏழாம் வகுப்புக் குழந்தையின் வீட்டில் லேப்டாப் இருந்தாக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புகிற தலைமையாசிரியர்களே! அந்த லேப்டாப்பில் குழந்தை என்ன செய்யப் போகிறது என்று அதே சுற்றறிக்கையில் ஒரு வரி எழுதினீர்களா? நண்பரின் பெண் நாலு மாதத்தில் செய்த வேலை, படங்களை வெட்டி ஒட்டி நாலு 'ப்ராஜெக்ட்' அச்சடித்தது. அதற்கு ஒரு தாயாரின் வளையல்! உங்கள் கட்டடத்திலேயே கம்ப்யூட்டர் அறை இருக்கிறது. அதற்குக் கட்டணமும் வாங்குகிறீர்கள். நாலு மணிக்குப் பூட்டுகிற அந்த அறையை ஆறு மணி வரையில் திறந்துவையுங்கள். ஒரு லேப்டாப்பும் வாங்க முடியாத வீட்டுக் குழந்தை அங்கே உட்கார்ந்து எழுதட்டும்.

அரசாங்கத்துக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. தமிழ்நாடு இந்த விஷயத்தில் கருமி அல்ல; 2011 செப்டம்பர் 15 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்த ராஜ்யம் இது. அதனால் முதல் தடவையாகக் கணினியைத் தொட்ட குடும்பங்கள் ஏராளம். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள், சந்தோஷம். ஆனால் கடைக்காரரிடம் தனியாக மாட்டிக்கொள்கிறவர்கள், அதற்குக் கீழே ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர்கள். மத்திய சர்க்கார் 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் ஜி.எஸ்.டி. வரியே இல்லை என்று செய்தது. லேப்டாப்புக்கு 18 சதவிகிதம் அப்படியே இருக்கிறது. ஒரே குழந்தை ஒரே கட்டுரையை நோட்டில் எழுதினால் வரி இல்லை, லேப்டாப்பில் எழுதினால் வரி உண்டு! படிப்புக்கென்று ஒரு விலை வரம்பு வைத்து, அதற்குள் இருக்கும் நல்ல இயந்திரத்துக்கு வரியைக் குறைத்தால் கஜானா கவிழ்ந்துவிடுமா?

"கதை எழுதுகிற உமக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாராவது கேட்கலாம். அதிகம் தெரியாது. தெரியாதவனுக்கே இவ்வளவு தெரிந்துகொள்ள ஒரு மாலைப் பொழுது போதுமானால், கேட்டு வாங்குவதற்கு இன்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை என்றுதானே அர்த்தம்?

நண்பரின் பெட்டி என்ன ஆயிற்று என்று சொல்ல மறந்துவிட்டேன். கடைப் பையனே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு வந்து, விண்டோஸை எடுத்துவிட்டு, இலேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். லினக்ஸ் காசு கொடுத்து வாங்குவதல்ல. கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல வருஷங்களாகப் பிள்ளைகள் அதில்தான் கணினி கற்கிறார்கள். எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ், தமிழுக்குத் தமிழ்99 விசைப் பலகை. பெட்டி இப்போது ஓடவில்லை, நடக்கிறது. அந்தப் பெண் காவேரி வெள்ளத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நாலு பிழை இருந்தது. அவளே உட்கார்ந்து திருத்தினாள். அவளுடைய அம்மா புதிதாக ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறாள். வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

மறுபடியும் ஜூன் வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மறுபடியும் அட்டைப் பெட்டிகள் வரும். பெட்டி வாங்கப் போகிற தகப்பனாரே, கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ராம் எட்டா? சேமிப்பு எஸ்.எஸ்.டி.யா? பின்மூடியைக் கழற்றி எதையாவது மாற்ற முடியுமா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் பணத்தை மடியில் முடிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள். அதற்கும் முன்னால், பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் குழந்தை இதிலே என்ன எழுதப் போகிறது?" அவர்களிடம் பதில் இல்லையென்றால், கடைக்கே போக வேண்டாம், அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.