மேலங்கியிலிருந்து வந்த பெயர்

பிரெஞ்சுப் புரட்சியைப் படிக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் என்னை உறுத்தும். முடியிழந்த பதினாறாம் லூயியை 1792 டிசம்பரில் விசாரணைக்கு நிறுத்தியபோது ‘லூயி கேப்பெட்’ என்றே கூப்பிட்டார்கள். குடிமகன் என்றால் குடும்பப் பெயர் வேண்டுமாம். 987-ல் பிராங்க் மக்களின் அரசரான மூதாதை ஹியூ கேப்பெட்டின் பெயரைத் தேடிப் பிடித்து ஒட்டிவிட்டார்கள்.

ஹியூவுக்கே அது குடும்பப் பெயர் இல்லை, வெறும் பட்டப்பெயர். லத்தீனில் ‘கப்பா’ என்றால் மேலங்கி. தூர் நகரத்துப் புனித மார்ட்டின் மடத்துக்குத் துறவியாகாமலே தலைவராக இருந்தவர் ஹியூ. மார்ட்டின் தம் மேலங்கியில் பாதியை வெட்டிப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்தார் என்பது ஐதீகம். பட்டப்பெயர் அந்தத் தொடர்பில் வந்தது என்றே பலரும் சொல்கிறார்கள். (‘சேப்பல்’ என்ற சொல்லும் அந்த மேலங்கியின் வாரிசுதான்.)

புரட்சியின் நியாயங்கள் பலவற்றில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் எண்ணூறு வருஷத்துப் பழைய பட்டப்பெயரை ஒரு மனிதன் தலையில் கட்டியது சரியாகப் படவில்லை. ஆபீசில் என் முதுகுக்குப் பின்னால் ‘குடை’ என்பார்கள். அதை சர்வீஸ் புத்தகத்தில் ஏற்றியிருந்தால் சும்மா இருந்திருப்பேனா?

லூயியும் மறுத்துப் பார்த்தார்; அது தம் பெயரல்ல, முன்னோர் ஒருவரின் பெயர் என்றார். யார் கேட்டார்கள்? 1793 ஜனவரி 21 அன்று அந்தப் பெயரோடேயே கில்லட்டினுக்கு அனுப்பினார்கள்.