எந்த எஸ்டேட்?

ஏற்காட்டில் ஒருவரிடம் எங்கே வேலை என்று கேட்டால், "எஸ்டேட்ல" என்பார். மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். காபிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, பழம் காயப்போடும் களம், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். நான் லைன் வீட்டில் பிறந்தவன். 31 வருஷம் ரைட்டராக இருந்து, தொழிலாளரின் வேலை நாள் கணக்கான செக்ரோலை எழுதியவன். அந்தச் சொல்லை என் கையால் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று தெரியாது.

போன பழ சீசனில் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். 27 வருஷம் ஒரே தோட்டத்தில் பழம் எடுத்தவர். தோட்டம் கைமாறிவிட்டது. புதிதாக வாங்கியவர்கள் பாதிச் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தங்கும் விடுதி கட்டுகிறார்கள். மீதியை மனையாக அளந்து கல் நட்டிருக்கிறார்கள். லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது இவர் தன் சர்வீஸைச் சொல்லியிருக்கிறார். "இது இப்ப எஸ்டேட் இல்லைம்மா" என்று பதில் வந்திருக்கிறது.

"ரைட்டரய்யா, எஸ்டேட் இல்லைங்கிறாங்க. அப்புறம் கேட்டுல எதுக்கு எஸ்டேட்னு எழுதி வச்சிருக்காங்க? பேரன் எழுத்துக்கூட்டிப் படிச்சுச் சொன்னானுங்க."

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லத்தீனில் 'ஸ்டேட்டஸ்' என்றால் நிலை. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அரசைக் குறிக்கும் 'ஸ்டேட்', சொத்தைக் குறிக்கும் 'எஸ்டேட்' என்று கிளைத்தது. பிரான்ஸில் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று மூன்று வகுப்பாருக்கும் எஸ்டேட் என்றுதான் பெயர். பத்திரிகையை நான்காவது எஸ்டேட் என்பது அதன் நீட்சி. தமிழில் நாம் அதை நான்காவது தூண் ஆக்கிக்கொண்டோம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இந்தச் சொல் காபியோடு வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பிருந்தே இந்த மலையில் மலையாளி மக்கள் வாழ்கிறார்கள். (கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது பழங்குடியினரின் பெயர்.) அவர்களும் காபி வளர்க்கிறார்கள். அதே செடி, அதே பழம். ஆனால் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் நிலத்தை யாரும் எஸ்டேட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அது காடு, அல்லது தோட்டம். ஆக, இந்தச் சொல் தொடக்கத்திலிருந்தே பயிரைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்திருக்கிறது.

1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ஜமீன் என்ற சொல் கிடையாது. எஸ்டேட் ஒழிப்பு என்றுதான் இருக்கிறது. என் தாத்தா சந்தைக்குச் சேலம் இறங்கியபோது யாரோ பேப்பரில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மலையேறி வந்தவர், "எஸ்டேட்டையெல்லாம் ஒழிச்சுட்டாங்களாம்" என்று லைன் முழுக்கச் சொன்னாராம். அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. யாருக்கு எந்த வரிசைச் செடி என்றுகூடப் பேசிக்கொண்டார்களாம். விடிந்ததும் எப்போதும்போல் வேலைக்கு மணி அடித்தது. ஒழிந்தது வேறு எஸ்டேட். இதை அப்பா எனக்குச் சொன்னபோது அவர் குரல் கம்மியிருந்தது.

பிறகு இன்னும் பல எஸ்டேட்கள் வந்தன. 1953-ல் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு எஸ்டேட் வரி போட்டார்கள், 1985-ல் எடுத்தார்கள். 1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை தொடங்கியது. அரசு பேட்டை என்று நல்ல தமிழில் எழுதினாலும், சென்னையில் என் மகன் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் "எஸ்டேட்லாம் இறங்கு" என்றுதான் கூப்பிடுகிறார். அங்கே லேத் ஓடுகிறது. இங்கே காபிப் பழத்தின் தோல் நீக்கும் பல்ப்பர் ஓடுகிறது. அதனால் யாருக்கும் நட்டமில்லை.

கடலுக்கு அப்பால் அந்தச் சொல் மனிதர்மேலேயே ஒட்டிக்கொண்டது. இலங்கைப் புள்ளிவிவரக் கணக்கில் நகரம், கிராமம் என்பவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவது பிரிவாக எஸ்டேட் இருக்கிறது. இங்கிருந்து காபிக் காட்டுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அதில் எண்ணப்படுகிறார்கள். தங்களை மலையகத் தமிழர் என்று அழைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதன் நியாயம் லைன் வீட்டில் பிறந்த எனக்கு உடனே புரிகிறது.

இப்போது எங்கள் மலையில் நடப்பது வேறு. சேலத்திலிருந்து ஏறும் வழியெல்லாம் காபி எஸ்டேட்டுக்குள் மனை, எஸ்டேட் வில்லா என்று விளம்பரப் பலகைகள். அதில் இருக்கும் எஸ்டேட், ரியல் எஸ்டேட்டின் எஸ்டேட். சதுர அடியில் அளப்பது. ஆனால் வாங்குகிறவர் மனதில் பழைய எஸ்டேட்டின் பனியும் நிழலும் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொள்கிறார்கள்.

இதை நான் தவறு என்கிறேன். அந்தப் பெயருக்கு ஒரு கடன் இருக்கிறது. 1961-ம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் காபி, தேயிலை, ரப்பர் போன்ற தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. வயல்காரரின் நிலத்துக்கு வரம்பு வைத்த அரசு, தோட்டம் தோட்டமாகவே இருக்கும் என்று நம்பி இந்த நிலங்களை முழுசாக விட்டது. 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்டத்தின் பொறுப்பாக்கியது. 1972-ம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் தோட்டங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சர்வீஸ் வருஷம் ஒவ்வொன்றுக்கும் 15 நாள் கூலி. நிலம் தங்கியதும் எஸ்டேட்டாக இருந்ததால்தான், ஆளுக்கு வீடு கிடைத்ததும் எஸ்டேட்டாக இருந்ததால்தான். விற்கும்போது எஸ்டேட், கொடுக்கும்போது எஸ்டேட் இல்லை என்றால் எப்படி?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. காபி நிற்கும் நிலத்தைப் பத்திரத்திலும் பலகையிலும் காபித் தோட்டம் என்றே எழுதட்டும். கல் நட்ட நிலத்தை மனைப்பிரிவு என்று எழுதட்டும். தோட்டம் கைமாறும்போது, அங்கே வேலை செய்த ஒவ்வொருவருக்கும் எத்தனை வருஷ சர்வீஸ், என்ன பாக்கி என்று தமிழில் ஒரு தாள் கொடுத்த பிறகே பதிவு நடக்கட்டும். இதற்கான கணக்கு செக்ரோலில் இருக்கிறது. நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்.

பதிவுத் துறையிலும் தொழிலாளர் துறையிலும் இருப்பவர்கள் ஒருநாள் ஏற்காடு வந்து, கேட்டில் இருக்கும் பலகைகளைப் படித்துப் பாருங்கள். செடி இல்லாத இடத்தில் எஸ்டேட் என்று இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டோம் என்றால், அங்கே 27 வருஷம் பழம் எடுத்தவருக்கு வீட்டைக் கொடுக்கச் சொல்லுங்கள்.