வெஸ்லியின் மத்தியானமும் 130-ம் சங்கீதமும்

ஜான் வெஸ்லியைப் பத்தி யார் பேசினாலும் நேரா ராத்திரி எட்டே முக்கால் மணிக்குப் போயிடறாங்க. 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சின்னக் கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதின முன்னுரையை யாரோ வாசிக்க, வெஸ்லியின் நெஞ்சில் அனல். பாவம் மன்னிக்கப்பட்டதுங்கற நிச்சயம் வருது. மெதடிஸ்ட் சபைக்காரங்களுக்கு இது மனப்பாடம். எனக்கென்னவோ அன்னிக்கு மத்தியானம்தான் முக்கியம்னு தோணுது.

மத்தியானம் செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்குப் போயிருக்கார். அங்கே பாடகர் குழு பாடினது 130-ம் சங்கீதம். அவரே நாட்குறிப்பில் எழுதி வெச்சிருக்கார். ஆழத்தில் கிடந்து கூப்பிடுறவனோட பாட்டு அது. அப்போ வெஸ்லி இருந்ததும் ஆழத்தில்தான். வயசு 34, ஜார்ஜியாவுக்கு ஊழியம் பண்ணப் போய், தோத்துத் திரும்பி சில மாசம். உபவாசம், ஜெபம், சிறைச்சாலை சந்திப்பு எதிலும் குறை வைக்காத மனுஷன். உள்ளே மட்டும் வெறுமை.

மொத்தமே எட்டு வசனம். நம்ம தப்பையெல்லாம் கடவுள் கணக்குப் பார்த்தா ஒருத்தனும் தேறமாட்டான்னு மூணாவது வசனம் சொல்லுது. சரி, அடுத்து தண்டனைதானே வரணும்? வரலை. அவர்கிட்ட மன்னிப்பு இருக்கு, அதனாலேயே அவர்மேல பயபக்தி வருதுன்னு தலைகீழாப் போகுது நாலாவது வசனம். பெரிய கடனைத் தள்ளுபடி பண்ணினவர் முன்னாடி நிக்கும்போது குரல் தானா தாழுமே, அந்த மாதிரி பயம்.

எனக்கு இது ஒட்டிக்கிட்டதுக்குக் காரணம் அப்பா. அவர் கடைசி ரெண்டு மாசம் படுக்கையில் கிடந்தப்போ, ஏதோ பழைய கோபத்தில் நான் சரியா முகம் கொடுத்துப் பேசலை. போனப்புறம் யார்கிட்ட மன்னிப்புக் கேக்கறது? "ஆண்டவர் மன்னிச்சிட்டார், விடுப்பா"ன்னாங்க. எனக்கும் நெஞ்சில் ஏதாவது நடக்கும்னு காத்திருந்தேன். ஒண்ணும் நடக்கலை.

அப்புறம்தான் ஆறாவது வசனத்து ஜாமக்காரன் கண்ணில் பட்டான். எபிரெய மூலத்தில் அவன் அடுத்தடுத்து ரெண்டு தடவை வர்றான். ராக்காவல் ஆளுக்குக் குளிரும், கண்ணைச் சொக்கும், அலுத்துப்போகும். விடியுமா விடியாதாங்கற சந்தேகம் மட்டும் வராது. இருட்டுக்குள்ளே நிக்கும்போதே அவன்கிட்ட நிச்சயம் இருக்கு. நெஞ்சு சூடாகலைன்னா இரக்கம் கிடைக்கலைன்னு நாமளா முடிவு பண்றது தப்புன்னு எனக்குப் பட்டது அங்கேதான்.

வெஸ்லிக்கே அந்த அனல் நிலைக்கலையே! 1739 ஜனவரி 4 அன்னிக்கு, தான் கிறிஸ்தவனே இல்லைன்னு எழுதியிருக்கார். எட்டே முக்கால் கதை சொல்றவங்க அந்தப் பக்கத்தைப் புரட்டறதே இல்லை :-) அதுக்கப்புறமும் ஐம்பது வருஷத்துக்கு மேல், 1791-ல் சாகறவரைக்கும், ஊர் ஊராப் போய்ப் பிரசங்கம் பண்ணினார்.

அப்பா விஷயம் இன்னும் சில ராத்திரி உறுத்தும். எழுந்து எட்டு வசனத்தையும் முதல்லேருந்து படிப்பேன். பாதி நாள் மூணாவதிலேயே நின்னுடறேன். நாலாவதுக்குப் போகக் கொஞ்ச நேரம் ஆகுது.