தாத்தாவின் தழும்பும் தம்பியின் பச்சையும்

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வயது 27, ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை. சாப்பிட்டு முடித்ததும் மொபைலை நீட்டி, "அண்ணே, டிசைன் எப்படி இருக்கு?" என்றான்.

பாயும் புலி, கீழே ஒரு துப்பாக்கி, 'ஐ.என்.ஏ. 1943' என்ற எழுத்து, அதற்கும் கீழே எங்கள் தாத்தா பெயர். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வருமாம். பிரிகேட் ரோடு பக்கம் ஒரு டாட்டூ கடையில் 2,000 ரூபாய் முன்பணமும் கட்டியாச்சு.

"படம் நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா தாத்தா ஐ.என்.ஏ.வுல இல்லையே" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. என் மனைவி கண்ணாலேயே என்னை எரித்தார்.

பச்சை குத்துவதற்கு நான் எதிரி இல்லை. எங்கள் ஆச்சி கை முழுக்கக் கோலமும் புள்ளியுமாகப் பச்சைதான். குறத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்து குத்திவிட்டுப் போனது. டாட்டூ என்றவுடன் "வெளிநாட்டுக் கலாச்சாரம்" என்று குதிப்பவர்கள் தங்கள் பாட்டியின் கையை ஞாபகப்படுத்திக்கொள்ளவும். என் சண்டை ஊசியோடு இல்லை, பொய்யோடு.

தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மலாயா போனவர். பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. ஜப்பான்காரன் வந்ததும் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம்தான் வேலை என்று சொன்னார்களாம். அவர் திரும்பியது போர் முடிந்த பிறகு. 1946ல் கப்பலேறி ஊர் வந்தார். அவர் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கும். குடும்பத்தில் அதைக் 'குண்டு பட்ட காயம்' என்பார்கள். நான் சின்னப்பையனாக இருந்தபோது அவரிடமே கேட்டேன். "குண்டுமில்ல ஒண்ணுமில்ல. மூங்கி கீறுச்சு, அழுகிப்போச்சு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. 1995ல் இறந்துவிட்டார். தம்பி அப்போது பிறக்கவே இல்லை.

ஐ.என்.ஏ. கதை எங்கிருந்து வந்தது? பெரியப்பாவுக்குப் பெண் பார்த்த காலத்தில் வந்தது என்பது என் கணிப்பு. 'மலாயாவில் கூலி' என்பதைவிட 'நேதாஜி படையில் இருந்தவர்' என்பது சம்பந்தி வீட்டில் எடுபடுமே!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.என்.ஏ.வைக் குறைத்துப் பேசவில்லை. மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளமாக அதில் சேர்ந்தார்கள், பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அது அவர்கள் பெருமை. நம்முடையது இல்லாததை எடுத்துக்கொள்வது அவர்களுக்கும் மரியாதை இல்லை.

சரி, நம்முடையது என்ன? பர்மா–சயாம் ரயில் பாதை. பான் போங்கிலிருந்து தன்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர். 1942ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. கைதிகளுக்குச் சொந்த ராணுவ டாக்டர்களும் அதிகாரிகளும் கூட இருந்தார்கள். நம் ஆட்களுக்கு யாருமில்லை. 1943 மழையில் காலரா வந்தபோது கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இருக்கின்றன, வரிசையாக, பராமரிப்போடு. தமிழ்த் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. 1957ல் வந்த க்வாய் நதிப் பாலம் படம் பார்த்திருப்பீர்கள். கதையெல்லாம் வெள்ளைக்காரக் கைதிகளைச் சுற்றித்தான். 2000ல் பிரிட்டிஷ் அரசு உயிரோடிருந்த தன் போர்க்கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதில் ஒரு பைசா கிடையாது. காஞ்சனபுரியில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் வைக்கவே 2023 ஆகிவிட்டது.

உலகம் அவர்களை மறந்ததற்கு உலகத்தைத் திட்டலாம். ஆனால் வீட்டிலேயே நாம் அழித்துவிட்டால் யாரைத் திட்டுவது?

பேங்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வவுச்சர் இல்லாமல் எண்ட்ரி போடாதே. தாத்தாவின் காலில் இருந்தது வவுச்சர். தம்பி கையில் வரப்போவது போலி எண்ட்ரி. அதுவும் அழிக்க முடியாத மையில்.

பெங்களூரில் இருப்பவர்கள் ஒருமுறை பேகூர் நாகநாதேஸ்வரர் கோயிலுக்குப் போய்வாருங்கள். சுமார் 890ஆம் ஆண்டுக் கல் ஒன்று உண்டு. பெங்களூர் என்ற பெயர் எழுத்தில் இருக்கும் மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. பெங்களூர்ச் சண்டையில் புட்டண செட்டி செத்தார் என்று சொல்கிறது. அந்தச் சண்டையைப் பற்றி இன்று யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் செத்தவன் பெயர் நிற்கிறது. நினைவுக்கல்லின் வேலை அவ்வளவுதான்: யார், எங்கே, எதில்.

பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "கூலின்னு கையில குத்திக்கிட்டா நாளைக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றார். கோபம் வந்துவிட்டது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள்தானே நாமும்? ஏசி ரூமில் உட்கார்ந்து பேட்ஜ் மாட்டிக்கொண்டால் கூலி இல்லையா? தோட்டத்துச் சம்பளத்தில் அவர் மிச்சம் பிடித்து வாங்கிய ஒன்றரை ஏக்கரில்தான் என் பி.காம். ஃபீஸ் வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தம்பியிடம் இப்படிச் சொன்னேன். தண்டவாளக் கட்டை ஒன்று போடு. தாத்தா பெயர், ஊர் பெயர், 'சயாம் ரயில் 1943'. போதும். (ஒரு எச்சரிக்கை: கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. சில டிசைன் மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். தோலில் ஒட்டிப் பார்க்கும் அச்சை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டே ஊசியைத் தொடவிட வேண்டும்.)

"புலி அளவுக்குக் கெத்தா இருக்காதேண்ணே" என்றான்.

"இருக்காதுதான். யாராவது என்னன்னு கேட்டா சொல்றதுக்கு உண்மை இருக்கும்."

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை அவனுக்கு அப்பாயிண்ட்மெண்ட். இன்னும் முடிவு சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் மலாயா, பர்மா என்று போய்வந்த பெரியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை நேரில் பார்த்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தழும்பைப் பற்றி அவர் வாயாலேயே கேட்டவன் நான் ஒருத்தன்தான் மிச்சம்.